அவசர அழைப்புகள் மட்டும்

செவல்மேட்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தண்ணீர் லாரி வந்துபோய்க் குடங்களெல்லாம் வீடு சேர்ந்த பிறகு, ஊரிலிருந்த அத்தனை செல்போன்களின் நெற்றியிலும் ‘அவசர அழைப்புகள் மட்டும்’ என்ற எழுத்து வந்து உட்கார்ந்துகொண்டது. உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். பட்டன் போன், தேய்க்கிற போன், கவுன்சிலர் மருமகள் யாரையும் தொடவிடாத போன், தலையாரி ரப்பர் பேண்டு சுற்றி மடியில் கட்டியிருந்த போன் என்று ஒன்றைக்கூட அது விட்டுவைக்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் போனது, போலீஸைக் கூப்பிட்டால் போனது, தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டாலும் போனது. பெற்ற மகளைக் கூப்பிட்டால் மட்டும் மூன்று தரம் ‘பீப், பீப், பீப்’ என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ‘கிரேஸ் செல்போன் சர்வீஸ்’ வைத்திருந்த வேதமாணிக்கத்துக்கு அப்போது வயது ஐம்பத்தாறு. எதையாவது பார்த்து ஆச்சரியப்பட்டு அவருக்கு வெகுகாலமாகியிருந்தது. வாசலில் ‘அவசரப்படுத்தாதீர்’ என்று ஒரு தகரப் பலகை தொங்கும். உள்ளே அவரும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். உடைந்த டிஸ்பிளேயைக் கொண்டுவந்தாலும் அவசரமில்ல, வைங்க. மழை ஒழுகுகிறதே அண்ணாச்சி, கூரை ஓட்ட மாத்தக் கூடாதா என்றாலும் அவசரமில்ல, பாப்போம். கல்யாணத்துக்கும் அப்படித்தான் சொல்லிச் சொல்லி முப்பது போய், நாற்பது போய், பிறகு கேட்கவும் ஆளில்லாமல் போனது. சோம்பேறி என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது, காலை ஒன்பதுக்குக் கடை திறந்தால் எட்டு மணிவரை குனிந்த தலை நிமிராது. அலுப்புதான். பிறந்ததிலிருந்து யாரோ அவரை ஒரு மூட்டையைத் தூக்கச் சொல்லிவிட்டு மறந்துபோன மாதிரியான அலுப்பு.

அன்று மதியத்துக்குள் அந்தச் சின்னக் கடை முன்னால் ஊரே நின்றது. அவர் ஒவ்வொரு போனாக வாங்கி அணைத்துப் போட்டார். சிம்மைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்துப் போட்டார். ஃப்ளைட் மோடில் ஏற்றி இறக்கினார், நெட்வொர்க் செட்டிங்கையெல்லாம் அழித்துப் புதிதாக எழுதினார், அதற்கும் மசியாதவற்றுக்குச் சாஃப்ட்வேரையே மாற்றி ஏற்றினார். ஒவ்வொரு போனும் சமர்த்தாக அணைந்து, சமர்த்தாகப் பாட்டுப் பாடி எழுந்து, சிக்னல் கோடு நாலும் முழுசாக நிற்க, மறுபடி அதே வரியைக் காட்டியது. மூன்றாம் நாள் கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து டவரில் ஏறிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார். கீழே இறங்கி, சாப்பிட வர நேரமாகும் என்று சொல்லத் தன் மனைவியைக் கூப்பிட்டார். மூன்று பீப் விழுந்தது. வேதமாணிக்கத்தை ஒருமுறை பார்த்தார், வண்டியில் ஏறினார், அதன் பிறகு அந்தப் பக்கம் வரவே இல்லை.

ஊராருக்குள் முதல் அழைப்பு போனது டீக்கடை சுடலைக்கண்ணு போனிலிருந்துதான். அன்று அவருக்குக் காலையிலிருந்து கடையை விட்டு நகர முடியாத கூட்டம், அடக்கி அடக்கி வைத்திருந்து, கடைசியில் கொல்லைப்பக்கம் ஓடிக்கொண்டே பால்காரரைக் கூப்பிட, மணி அடித்தது. அந்த மணிச் சத்தம் கேட்டுத்தான் பனங்காட்டு ஓடைக்குள் வண்டியோடு விழுந்து கால் ஒடிந்து கிடந்த பால்காரரைக் கண்டுபிடித்தார்கள் என்பது ஊருக்கே தெரியும். இருந்தாலும் எந்தக் காரணம் ருசியாக இருக்கிறதோ அதைத்தானே ஊர் எடுத்துக்கொள்ளும். ‘சுடலைக்கண்ணுக்கு அவசரமா வந்துச்சு, அதான் போன் போச்சு’ என்று முடிவாகிவிட்டது. போனுக்குத் தமிழ் தெரியும், தமிழில் அவசரம் என்று எழுதியிருந்தால் அவசரம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ அதுதான் என்று ஊர் நியாயம் பேசியது. ஒரு வாரத்துக்குச் செவல்மேட்டில் பெரிய மனிதர்களெல்லாம் செம்புச் செம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டு, காலைப் பின்னிக்கொண்டு, சம்பந்தி வீட்டுக்கு டயல் செய்துகொண்டு நின்றார்கள். இன்னொரு கட்சிக்காரர்கள் அவசரம் என்றால் வேகம் என்று பொருள் சொல்லி, பள்ளிக்கூட மைதானத்தை நாலு சுற்று ஓடி, மூச்சிரைக்கப் பட்டனை அமுக்கினார்கள். ஓடினவனுக்குக் கை நடுங்கித் தப்பு நம்பர் அமுங்கியதுதான் மிச்சம். அவசரத்தில் அண்டாவிலும் கை நுழையாது என்று சும்மாவா சொன்னார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் மரகதம் தெருத்தெருவாக வந்து, “ஆத்திரத்த அடக்குனாலும் மூத்திரத்த அடக்கக் கூடாதுய்யா, அம்புட்டுப் பேரும் கல்லடைப்புன்னு எங்கிட்டதான வந்து நிப்பீய!” என்று கத்திய பிறகுதான் அந்தக் கூத்து ஓய்ந்தது.

ஓய்ந்த பிறகு மெல்ல மெல்ல விளங்கியது. தேங்காய் விலை கேட்கக் கூப்பிட்டால் போகவில்லை. பிறந்தநாள் வாழ்த்துப் போகவில்லை. துபாயிலிருந்து புருஷன் கூப்பிட்டாலும் வரவில்லை, ‘அப்போ நான் அவருக்கு அவசரமில்லையா’ என்று இரண்டு பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். ஆனால் தெற்குத்தெரு சண்முகக்கனி சங்கரன்கோவிலில் கட்டிக்கொடுத்த மகளிடம் ‘சாப்டியாட்டி’ என்று கேட்கத்தான் கூப்பிட்டாள், அந்தப் போன் முதல் தடவையிலேயே போனது. அந்த மகள் மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு மூன்று நாளாகப் பச்சைத்தண்ணீர்கூடப் பல்லில் படாமல் கிடந்திருக்கிறாள். அன்று சாயங்காலமே சண்முகக்கனி போய் அழைத்துவந்துவிட்டாள். அதோடு ஊருக்குப் புரிந்துபோனது: பொறுக்காதது எதுவோ அது போகும், பொறுக்கக்கூடியது போகாது. போனுக்கு நம் வாயிலிருந்து வருகிற சொல் தேவையில்லை, அதற்கு அடியில் இருப்பதை அது எப்படியோ பார்த்துக்கொள்கிறது.

இப்படித்தான் ஐந்துமணி வழக்கம் வந்தது. தூரத்தில் ஆள் இருக்கிற எல்லோரும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு தடவை டயல் செய்வார்கள். மூன்று பீப் விழுந்தால் அந்தப் பக்கம் ஒரு குறையும் இல்லை, நல்லா இருக்கிறார்கள் என்று பொருள். முந்தி அரைமணி நேரம் பேசியும் கிடைக்காத நிம்மதி இப்போது மூன்று பீப்பில் கிடைத்தது. “என்ன மயினி, மூணு விழுந்துட்டா?” “விழுந்துட்டு, விழுந்துட்டு.” வணக்கம் சொல்வதற்குப் பதிலாக ஊரில் இதுவே நிலைத்துவிட்டது. போகாத போனுக்குச் சந்தோஷப்படுகிற ஊர் உலகத்திலேயே செவல்மேடு ஒன்றுதான். மாதாகோவில் மணி ஐந்து அடித்ததும் தெருவெங்கும் பீப் பீப் என்று தவளைக் குளம் மாதிரிக் கேட்கும், அதற்கப்புறம்தான் அடுப்புகள் பற்றும்.

ஐந்து மணிக்கு வேதமாணிக்கமும் டயல் செய்தார். அவருக்கு இருந்தது ஒரே ஒரு நம்பர், பம்பாயில் இருந்த தங்கச்சி தெபோராள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர்களுடைய அம்மையைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, சொந்தக்காரர்கள் இருந்தால் வரச்சொல்லுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். வேதமாணிக்கம் தங்கச்சிக்குப் போன் போட்டார். “அவசரமாண்ணே?” என்று அவள் கேட்டாள். கைப்பிள்ளையோடு தனியாக வரவேண்டியவள், வழியெல்லாம் அழுதுகொண்டு வருவாளே என்று நினைத்தாரோ, இல்லை வாயில் எப்போதும் தயாராக இருக்கிற சொல் தானாக வந்து விழுந்ததோ, “அவசரமில்லட்டி. பதறாம டிக்கெட் எடுத்து நிதானமா வா” என்றார். அவள் அண்ணனை நம்பினாள். நாலு நாள் கழித்துப் புறப்படுகிற ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாள். அம்மை ஞாயிற்றுக்கிழமை கண்ணை மூடினாள். வியாழக்கிழமை தெபோராள் வந்து இறங்கியபோது கல்லறை மேலிருந்த மாலை சருகாகியிருந்தது. அவள் சத்தம் போடவில்லை, மண்ணைத் தொட்டுப் பார்த்தாள், “அவசரம்னு ஒரு வார்த்தை சொல்லிருக்கக் கூடாதாண்ணே?” என்று கேட்டாள், வீட்டுக்குள் வராமல் அதே சாயங்காலம் பஸ் ஏறிவிட்டாள். அதற்கப்புறம் இருவருக்கும் நடுவில் ஒரு பேச்சும் இல்லை.

அவளிடம் சொல்லவேண்டியது ஒன்று வேதமாணிக்கத்திடம் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் அம்மை கண்ணைத் திறந்து சொன்னது. சொன்னால் அம்மை அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள் என்பது வெளியே வந்துவிடும். அதனால் சொல்லவில்லை. பிறகு சொல்லலாம் என்று வைத்தார், கிறிஸ்துமஸுக்குச் சொல்லலாம் என்று வைத்தார், பதினோரு கிறிஸ்துமஸ் போனது. நெஞ்சுக்குள் கிடந்தால் என்ன, கெட்டா போய்விடும், அவசரமில்லை.

இப்போது போனே அவசரமில்லை என்று சொல்லிவிட்டதில் அவருக்கு உள்ளூர ஒரு நிம்மதி. தினமும் ஐந்து மணிக்குக் கூப்பிடுகிறேனே, போகாவிட்டால் நான் என்ன செய்ய? மூன்று பீப் விழுந்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஒரு பெரிய கடமை முடிந்த களைப்போடு டீ சொல்வார். உண்மையைச் சொன்னால், ஊரில் எல்லோர் போனும் சரியாகிவிடக் கூடாதே என்று பயந்த ஒரே ஆள் அந்தப் போன் ரிப்பேர்க்காரர்தான்.

அவர் கடை வாசலில் நின்று டயல் செய்கிறவர்களில் ஒருத்தி செல்லக்கனி. நாள் முழுக்கச் சுற்றிய பீடியைப் பையில் போட்டுக்கொண்டு கம்பெனிக்குக் கொடுக்கப் போகிற வழியில், சரியாக ஐந்துக்கு அந்தத் தகரப் பலகைக்குக் கீழே நிற்பாள். அங்கேதான் சிக்னல் நன்றாக இருக்கும் என்பது அவள் கட்சி, எங்கேயும் போகாத போனுக்குச் சிக்னல் எதற்கு என்பது வேதமாணிக்கத்தின் கட்சி. அவள் புருஷன் ஐயாக்குட்டி கொல்லத்தில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். மூன்று பீப் விழுந்ததும், “அண்ணாச்சி, எங்க வீட்டு மகாராசா குத்துக்கல்லாட்டம் இருக்காரு” என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போவாள்.

ஒருநாள் போகும்போது திரும்பி, “அண்ணாச்சி, ஒரு சந்தேகம். நீங்க யாரக் கூப்பிடுதிய?” என்று கேட்டாள்.

“தங்கச்சிய.”

“போனா என்ன பேசுவிய?”

வேதமாணிக்கம் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார். இது வரைக்கும் அதை யோசித்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. “போகும்போது பாத்துக்கிடலாம் தாயி. அவசரமில்ல” என்றார்.

ஆடி மாதம், சாரல் காற்று தூசியைக் கிளப்பிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. மாதாகோவில் மணி அடித்தது. தெருவெல்லாம் பீப் பீப் என்றது. செல்லக்கனி பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனைக் காதில் வைத்தாள். ஒரு பீப்கூட விழவில்லை. அதற்குப் பதிலாக, செவல்மேட்டுக்காரர்களுக்கு மறந்தே போயிருந்த ஒரு சத்தம், அந்தப் பக்கம் மணி அடிக்கிற சத்தம், டுர்ர்... டுர்ர்... என்று வெளியே கேட்டது. டீக்கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்த சுடலைக்கண்ணு அப்படியே கையைத் தூக்கியபடி நின்றுவிட்டார். செல்லக்கனி முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

“அண்ணாச்சி, அடிக்கி,” என்றாள். “மணி அடிக்கி அண்ணாச்சி. நீங்க பேசுங்க. எனக்குக் கை ஓடல.”

வேதமாணிக்கம் வாங்கினார். அந்தப் பக்கம் ஐயாக்குட்டியோடு வேலை பார்க்கிற ஒரு ஆலங்குளத்து ஆள் எடுத்தான். “யாரு, ஊர்லருந்தா? மாஸ்டருக்கு மத்தியானம் மாவு பிசையும்போது நெஞ்சு வலி வந்துட்டு. ஆஸ்பத்திரில சேத்துருக்கோம். நெனவு இருக்கு. பொண்டாட்டியக் கேட்டுக்கிட்டே இருக்காரு. அக்காவப் பயமுறுத்திராதீய அண்ணாச்சி, அவசரமில்லன்னு சொல்லுங்க, விடியக்காலம் பஸ்ஸுக்கு நிதானமா வரட்டும்.”

நல்ல பையன்தான். நல்ல மனசோடுதான் சொன்னான். வேதமாணிக்கமும் அன்று நல்ல மனசோடுதான் சொல்லியிருந்தார். எதிரே செல்லக்கனி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். “என்ன சொல்லுதாவ அண்ணாச்சி? அவசரமா?”

அதே கேள்வி. அதே குரல் என்றுகூட அவருக்குத் தோன்றியது. அந்தச் சொல் வழக்கம்போல நாக்கு நுனிக்கு வந்து நின்றது, முப்பது வருஷமாக நடந்த தடத்தில் மாடு தானாக வந்து நிற்பதுபோல நின்றது. அதை விழுங்குவதற்கு அவர் பட்ட பாடு பெரிய பாடு. நெற்றி வேர்த்துவிட்டது.

“அவசரம் தாயி,” என்றார். தன் குரல்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. “அவசரம். அவனுக்கு நெஞ்சு வலி. ஆஸ்பத்திரில இருக்கான். நெனவோட இருக்கான், ஒன்னக் கேக்கான். அஞ்சு மணி கொல்லம் வண்டி இன்னும் நிக்கி பாரு, ஓடு. வீட்டுக்குப் போகாத, சேலை மாத்தாத, ஓடு.”

அவள் பீடிப் பையைக் கடை மேசையில் போட்டுவிட்டு ஓடினாள். வண்டி நகர்ந்துவிட்டது, சுடலைக்கண்ணு டீ வடிகட்டியோடு நடுரோட்டில் குறுக்கே போய் நின்று நிறுத்தினார். அவள் ஏறிப் போனாள். அன்றே கொல்லம் போய்ச் சேர்ந்தாள் என்பதும், புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு அவள் திட்டிய திட்டில் ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்த்தது என்பதும், அவன் பிழைத்து இப்போது உட்கார்ந்துகொண்டே மாவு பிசைகிறான் என்பதும் பிறகு தெரிந்த கதை. அந்த நிமிஷத்தில் வேதமாணிக்கத்துக்கு அதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு சொல்லைச் சொல்ல இவ்வளவு நேரம்தான் ஆகிறது என்பது. மூச்சு விடுகிற நேரம்கூட இல்லை.

அவர் மேசையில் கையூன்றி உட்கார்ந்திருந்தார். எதிரே பீடிப் பை. அதற்குப் பக்கத்தில் ஐந்து மணிக்கு மூன்று பீப் வாங்கிக் கவிழ்ந்து கிடந்த அவருடைய போன். போகாது என்ற தைரியத்தில்தானே இத்தனை நாளும் கூப்பிட்டோம் என்று நினைத்தார். வெட்கமாக இருந்தது. அதைவிட, அலுப்பாக இருந்தது. தூக்கிச் சுமந்ததிலேயே இறக்கி வைக்காத ஒன்றுதான் இத்தனை கனம் என்று தெரிந்த அலுப்பு. இன்னும் ஒரு நாள் இதைத் தூக்க முடியாது. ஒரு நாள் என்ன, ஒரு டீ ஆறுகிற நேரம்கூட முடியாது.

போனை எடுத்தார். அந்த எழுத்து அங்கேயேதான் இருந்தது. அமுக்கினார்.

டுர்ர்... என்றது.

அவளுக்கு என்னமோ ஆகிவிட்டது, அதனால்தான் போகிறது என்று ஊர்ப் பழக்கத்தில் அவருக்கு முதலில் அதுதான் ஓடியது. நாலாவது மணியில் எடுத்தார்கள்.

“அலோ, யாரு?”

“நான்தான்ட்டி.”

அந்தப் பக்கம் எங்கோ குக்கர் சத்தம் போட்டது. அது அடங்கியதும், “யாருக்கு என்ன?” என்று கேட்டாள்.

“ஒனக்கு ஒண்ணுமில்லையே?”

“எனக்கு என்ன? நல்லாத்தான இருக்கேன். பதினோரு வருசங் கழிச்சுக் கூப்பிடுத, யாருக்கு என்னன்னு கேக்கேன்லா?”

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பொறுக்க முடியாதது அந்தப் பக்கம் இல்லை.

“தெபோரா,” என்றார். “அன்னைக்கு அவசரந்தான். டாக்டர் சொல்லிட்டாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் அவசரமில்லன்னு சொன்னேன். தப்புட்டி.”

அவள் போனை வைத்துவிடவில்லை.

“இன்னொண்ணு கெடக்கு. அத ஒங்கிட்ட குடுக்கவே இல்ல. சனிக்கிழம மத்தியானம் அம்மை முழிச்சா. ‘தெபோராள் வந்துட்டாளா’ன்னா. வந்துட்டிருக்கான்னேன். ‘வந்ததும் மொதல்ல அவளுக்குச் சோறு போடு, ரயில்ல ஒண்ணும் திங்க மாட்டா’ன்னா. அதான் கடைசி. பெறகு பேசல.” அவர் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார். “நீ வந்த. நான் சோறு போடல.”

டீக்கடையில் ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள். பம்பாயில் குக்கர் இன்னொரு தரம் கூவியது, அதற்கடியில் அவள் அழுவது கேட்டது. அம்மைக்கு அழாமல் பஸ் ஏறிப் போனவள் பதினோரு வருஷத்தையும் சேர்த்து வைத்து அழுதாள். தகரப் பலகை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள், “அன்னைக்கு ரயில்ல ஒண்ணும் திங்கலதான்,” என்றாள். பிறகு, “நான் வரட்டாண்ணே?”

பம்பாயிலிருந்து செவல்மேட்டுக்கு இரண்டு நாள் பயணம். டிக்கெட் கிடைக்கவேண்டும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கும், அவளுக்கு வேலை இருக்கும். வேதமாணிக்கத்தின் வாய் வழக்கம்போல “அவச...” என்று ஆரம்பித்தது. ஆரம்பித்ததை அவர் பாதியில் கடித்துக்கொண்டார்.

“சீக்கிரம் வாட்டி,” என்றார். “சோறு ஆறிரும்.”